விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு பாடல்



2016ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் மாலை உரோமை நகரில் நடந்த ஒரு வழிபாட்டிலிருந்து இன்றைய சிந்தனையைத் தொடங்குவோம். உரோமையின் ஏழு குன்றுகளில் ஒன்று செலியோ குன்று. அதன்மேல் புனித பெரிய கிரகோரியின் பெயரால் ஒரு கோயில் இருக்கிறது. அன்று அங்கே திருத்தந்தை பிரான்சிசும், ஆங்கிலிக்கன் சபையின் தலைமைப் பேராயராக இருந்த ஜஸ்டின் வெல்பியும் சேர்ந்து மாலைப் புகழ் வழிபாட்டை நடத்தினார்கள். பாடியவர்கள் இரண்டு குழுவினர். ஒன்று திருத்தந்தையின் சிஸ்டைன் சிற்றாலயப் பாடகர் குழு. மற்றொன்று இங்கிலாந்திலிருந்து வந்திருந்த கான்டர்பரி பேராலயப் பாடகர் குழு.

அந்தக் குன்றைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கிரகோரி திருத்தந்தையாவதற்கு முன் தம் குடும்ப வீட்டையே துறவு மடமாக்கினார். அந்த மடம் இருந்த இடம் அதுதான். அங்கிருந்த துறவி அகுஸ்தீனையும் அவருடைய தோழர்களையும் அவர் இங்கிலாந்துக்கு அனுப்பினார். 597இல் அவர்கள் கென்ட் நாட்டில் கரையிறங்கினார்கள். கான்டர்பரியின் கதை அங்கே தொடங்குகிறது. 1400 ஆண்டுகளுக்கும் மேலான பிறகு அந்தப் பேராலயத்துப் பிள்ளைகள், தங்கள் முன்னோர் புறப்பட்ட வீட்டு வாசலுக்கு வந்து பாடினார்கள்.

ஐந்து மாதம் கழித்து, 2017 மார்ச் 13 அன்று, இன்னும் ஒரு படி மேலே நடந்தது. புனித பேதுரு பெருங்கோயிலிலேயே, வரலாற்றில் முதல்முறையாக, ஆங்கிலிக்கன் முறைப்படி மாலை வழிபாடு பாடப்பட்டது. ஆக்ஸ்போர்டு நகரத்து மெர்ட்டன் கல்லூரிப் பாடகர் குழுவினர் பாடினார்கள். ஆங்கிலிக்கன் பேராயர் டேவிட் மாக்சன் தலைமை தாங்க, கத்தோலிக்கப் பேராயர் ஆர்தர் ரோச் மறையுரை ஆற்றினார். இவர்கள் மூதாதையரில் ஒருவரை ஒருவர் எரித்தவர்களும் தூக்கிலிட்டவர்களும் உண்டு என்பதை நினைத்துக்கொண்டு இதைக் கேட்க வேண்டும்.

அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் இருக்கிற நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நமக்கு ஆர்கனும் இல்லை, வெள்ளை அங்கி போட்ட சிறுவர் வரிசையும் இல்லை. ஆனால் அங்கே பாடப்பட்டது நம்முடைய வீட்டுச் சொத்து. நாம் மறந்துபோய் எங்கோ வைத்துவிட்ட சொத்து. அது எப்படி நம் கையைவிட்டுப் போனது, நம் கரிசல் பூமிக்கு ஏன் வந்து சேரவே இல்லை என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

நாலாம் நூற்றாண்டின் இறுதியில் மேற்கேயிருந்து எருசலேமுக்குத் திருப்பயணம் வந்த எகேரியா என்ற பெண்மணி, தாம் கண்டதையெல்லாம் தம் சகோதரிகளுக்கு எழுதி அனுப்பினார். ஆண்டவருடைய கல்லறைக் கோயிலில் சாயங்காலம் நாலு மணிவாக்கில் மக்கள் கூடுவார்கள் என்கிறார். கல்லறைக் குகைக்குள் அணையாமல் எரியும் விளக்கிலிருந்து தீ எடுத்து மற்ற விளக்குகளை ஏற்றுவார்கள். திருப்பாடல்கள் பாடப்படும். திருத்தொண்டர் ஒருவர் மன்றாட வேண்டியவர்களின் பெயர்களை வாசிக்க, கூட நிற்கும் சிறுபிள்ளைகள் ஒவ்வொரு பெயருக்கும் ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ என்று கிரேக்க மொழியில் கூவுவார்கள். அந்தக் குரல்களுக்கு அளவே இல்லை என்று அவர் வியக்கிறார். நம் ஊரில் விளக்கு வைக்கிற நேரம் என்று சொல்கிறோமே, அதே நேரத்துக்கு உரிய வழிபாடு இது. குருக்களுக்கு என்று ஒதுக்கிய செபம் அன்று இல்லை. ஊரே வந்து பாடியது.

காலப்போக்கில் இந்தச் செபம் மடங்களுக்குள் போயிற்று. மடத்தில் அழகாக வளர்ந்தது, நீண்டது, சிக்கலாயிற்று. இலத்தீன் தெரியாத குடியானவனுக்கு அதில் இடம் குறைந்துகொண்டே வந்தது. பிறகு பயணம் போகிற துறவிகளுக்காக எல்லாவற்றையும் ஒரே புத்தகத்தில் சுருக்கிக் கட்டினார்கள். குருவானவர் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தனியே முணுமுணுக்கிற வழக்கம் வந்தது. கட்டளைச் செபம் என்று நாங்கள் குருமடத்தில் படித்தோம். பெயரிலேயே பாருங்கள், பாடல் போய்க் கட்டளை மட்டும் நின்றது.

16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து உரோமையைவிட்டுப் பிரிந்தபோது, கான்டர்பரி பேராயர் தாமஸ் கிரான்மர் 1549இல் ஆங்கிலத்தில் ஒரு செபப் புத்தகம் கொண்டுவந்தார். நம்முடைய மாலைச் செபத்தில் மரியாவின் பாடல் உண்டு. இரவுச் செபத்தில் முதியவர் சிமியோனின் பாடல் உண்டு. அவர் இரண்டையும் ஒன்றாக்கி மாலை வழிபாடு ஒன்றை அமைத்தார். ‘ஈவன்சாங்’ என்ற பழைய ஆங்கிலப் பெயர் அதற்கு நிலைத்தது. முதலில் திருப்பாடல்கள், பழைய ஏற்பாட்டு வாசகம், உடனே மரியாவின் பாடல். பிறகு புதிய ஏற்பாட்டு வாசகம். உடனே சிமியோனின் பாடல். நம்பிக்கை அறிக்கையும் மன்றாட்டுகளும் தொடரும். 150 திருப்பாடல்களையும் காலையும் மாலையுமாக 30 நாளில் பாடி முடிக்க ஏற்பாடு. சாதாரண மனிதன் வேலை முடிந்து வந்து உட்காரக்கூடிய அளவில் அது இருந்தது.

கிரான்மரின் கொள்கைகள் பலவற்றை நாம் ஏற்க முடியாது. அவரை 1556இல் கத்தோலிக்க அரசி மேரியின் ஆட்சி எரித்ததையும் நாம் கொண்டாட முடியாது. அடுத்த அரசியின் காலத்தில் 1581இல் இயேசு சபைக் குரு எட்மண்ட் கேம்பியன் இலண்டனில் கொடூரமாகக் கொல்லப்பட்டார். இவ்வளவு இரத்தத்துக்கும் நடுவில், அந்த அரசியின் சிற்றாலயத்தில் இசையமைத்துக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? வில்லியம் பேர்ட் என்ற கத்தோலிக்கர். ஆங்கிலிக்கன் கோயிலுக்குப் போகாததற்காக அவர் வழக்குகளையும் அபராதங்களையும் சந்தித்தார். ஒளிந்து நடந்த திருப்பலிகளுக்காக இசை எழுதிய அதே கை, ஆங்கிலிக்கன் மாலை வழிபாட்டுக்கும் இசை எழுதியது. இன்றைக்கும் ஆங்கிலிக்கன் பேராலயங்களில் அவருடைய இசை பாடப்படுகிறது. பிரிந்துபோன சகோதரர்கள் வேலியை உயர்த்திக்கொண்டிருந்தபோதே, ஒருவருடைய பாட்டு மட்டும் வேலி தாண்டிப் போய்வந்திருக்கிறது.

வானொலி கேட்கிற நமக்கு இன்னொரு செய்தி. பி.பி.சி. வானொலி 1926 அக்டோபர் 7 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலிருந்து இந்த வழிபாட்டை முதன்முதலாக ஒலிபரப்பியது. அந்த நிகழ்ச்சி இன்றும் வாராவாரம் வருகிறது. கோயில் பக்கம் போகாத எத்தனையோ பேர் சமையலறையிலும் நோய்ப்படுக்கையிலும் இதைக் கேட்டு வந்திருக்கிறார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மதுரை மறைப்பணித்தளத்தை உருவாக்கியவர்கள் இயேசு சபையினர். தத்துவ போதகர் எனப்பட்ட தே நோபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். அப்போதைய மறவர் சீமையில், நம் குண்டாற்றுப் பகுதியையும் உள்ளடக்கிய சேதுபதி நாட்டில், புனித அருளானந்தர் உழைத்து 1693இல் ஓரியூரில் தலை கொடுத்தார். கோவில்பட்டிப் பக்கம் காமநாயக்கன்பட்டியில் வீரமாமுனிவர் பணியாற்றினார். நமக்கு விசுவாசத்தைத் தந்தவர்கள் இவர்கள். ஆனால் இயேசு சபைக்கு ஒரு தனி விதி உண்டு: மற்றத் துறவியரைப்போல ஒன்றாக நின்று நேரச் செபங்களைப் பாடும் கடமை அவர்களுக்கு இல்லை. நிறுவனர் புனித இஞ்ஞாசியார் அப்படித் தீர்மானித்தார். இசை பிடிக்காதவர் என்பதால் அல்ல. கோயிலில் பாட்டு கேட்டால் உருகிப்போவார் என்று அவரோடு வாழ்ந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்நேரமும் எந்த ஊருக்கும் புறப்படக்கூடியவர்களாகத் தம் மக்கள் இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அந்தச் சுதந்திரம் இல்லாவிட்டால் அருளானந்தர் முள்ளுக்காட்டில் நடந்து நம்மிடம் வந்திருக்கவே முடியாது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. பாடப்படும் மாலைச் செபம் என்ற பழைய சொத்து அவர்களுடைய பையில் நம் ஊருக்கு வரவில்லை.

அதற்குப் பதிலாக எது வந்தது? செபமாலை வந்தது. இது குறைந்த பொருள் என்று யாரும் நினைக்க வேண்டாம். திருப்பாடல்கள் 150. அவற்றைப் படிக்கத் தெரியாத எளிய மக்கள், ஒரு திருப்பாடலுக்கு ஒரு ‘அருள்நிறை மரியே’ என்று 150 முறை சொன்னதாக மரபு. இரண்டாம் யோவான் பவுல் 2002இல் ஒளியின் மறையுண்மைகளைச் சேர்க்கும் வரையில் முழுச் செபமாலையின் கணக்கு அந்த 150தான். ஐரோப்பியப் பேராலயத்தில் பாடகர் குழு திருப்பாடல்களைப் பாடிய அதே அந்தி நேரத்தில், நம் புன்செய் ஊர்ச் சிற்றாலயங்களில் கோயில்பிள்ளை மணி அடிப்பார். அரிக்கேன் விளக்கைச் சுற்றிப் பெண்கள் உட்காருவார்கள். ஒரு பக்கம் பாதி மந்திரத்தைச் சொல்ல, மறுபக்கம் மீதியைச் சொல்லும். பிறகு பிரார்த்தனை, கடைசியில் ஒரு மாதா பாட்டு. குருவானவர் மாதத்துக்கு ஒரு முறை வந்தால் பெரிது. மீதி நாட்களில் வேதியரும் இந்த அந்திச் செபமும்தான் திருச்சபையை அந்த ஊரில் உயிரோடு வைத்திருந்தன. பாளையங்கோட்டையின் ஊசிக் கோபுரக் கோயிலில் பாடிய ஆங்கிலிக்கன் மாலைப் பாடலுக்கும் நம் பாட்டிமார் சொன்ன செபமாலைக்கும் அடி ஒன்று.

பாளையங்கோட்டையைச் சொன்னோம். 1826இல் அபிஷேகம் பெற்ற அந்தத் தூய திரித்துவக் கோயில் பிறகு பேராலயமாயிற்று. தரங்கம்பாடிக்கு 1776இல் வந்த ரோட்லர் ஐயர் போன்றவர்கள் ஆங்கிலேயரின் செபப் புத்தகத்தைத் தமிழாக்கினார்கள். ஆகவே திருநெல்வேலிச் சீமைக்கு மாலை வழிபாடு தமிழிலேயே வந்தது. அது வடக்கே நகர்ந்து நம் பகுதிக்கு வந்திருக்கலாமே? வரவில்லை. நம் பக்கத்தில் வேலை செய்த சீர்திருத்தச் சபையார் வேறு வகையினர். 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள். திருச்சுழிக்குப் பக்கத்து மண்டபசாலையிலும் அருப்புக்கோட்டையிலும் அவர்களுடைய நிலையங்கள் இருந்தன. அவர்கள் ஆயர் வேண்டாம், எழுதி வைத்த செபப் புத்தகம் வேண்டாம் என்ற மரபினர். ஆக, இங்கே கத்தோலிக்கரிடமும் பாடும் மாலைச் செபம் இல்லை, அவர்களிடமும் இல்லை.

ஆனால் அந்த அமெரிக்கர்கள் இன்னொன்று செய்தார்கள். அதற்காக அவர்களை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். 1853இல் எட்வர்ட் வெப் என்ற மிஷனரி, தமிழ் இராகத்தில் அமைந்த கீர்த்தனைகளைத் தொகுத்து ஆராதனைக்கான புத்தகமாக அச்சிட்டார். அதில் பெரும்பகுதி தஞ்சை வேதநாயக சாஸ்திரியாருடையது. அதுவரை தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் பெரும்பாலும் செர்மானிய, ஆங்கில மெட்டுகளே கோலோச்சின.

இந்தச் சாஸ்திரியாரைப் பற்றி நம் மக்களுக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. 1774இல் பாளையங்கோட்டையில் அவர் பிறந்தது கத்தோலிக்கக் குடும்பத்தில். தந்தை அருணாசலம் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனவர். பன்னிரண்டு வயதுவாக்கில் சுவார்ட்ஸ் ஐயர் பையனைத் தஞ்சைக்கு அழைத்துப் போனார். அங்கே பிற்காலத்தில் மன்னரான சரபோஜியோடு கூடப் படித்தார். பெத்லகேம் குறவஞ்சி பாடினார். 1864இல் மறைந்தார்.

அவர் 1829இல் புதிய மிஷனரிமார்மேல் எழுதிய குற்றச்சாட்டை நாம் மூடி மறைக்கக் கூடாது. நான்கு கொடுமைகள் செய்கிறார்கள் என்றார். வேதப் புத்தகத்தின் தமிழை மாற்றுகிறார்கள். கோயிலில் சாதி வித்தியாசம் இல்லாமல் கலக்கச் சொல்கிறார்கள். கலியாணத்திலும் சாவிலும் பூவைத் தடுக்கிறார்கள். தமிழ் இசையைக் கோயிலிலிருந்து விலக்குகிறார்கள். பூவைப் பற்றியும் இசையைப் பற்றியும் அவர் சொன்னது நியாயம். மல்லிகை விளைகிற நம் ஊரில் பூ வேண்டாம் என்று யார் சொன்னாலும் எடுபடாது. சாதியைப் பற்றி அவர் சொன்னது நியாயமே இல்லை. இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே கடிதத்தில் வந்தன. நம் மண்ணில் பாட்டின் வரலாறு இப்படித்தான் கிடக்கிறது: அழகும் அழுக்கும் சேர்ந்தே.

நாம் மட்டும் சுத்தமா? வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய நம் கத்தோலிக்கக் கோயிலை நினைத்துப் பாருங்கள். ‘கால்சட்டைக் கோயில்’ என்று ஊர் சிரித்தது. பீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு காலாகப் பிரிகிற இரண்டு கூடம். ஒரு சாதியார் ஒன்றில், மற்றவர் மற்றதில். நடுவில் சுவர். பீடம் இருவருக்கும் தெரியும். இவர் முகம் அவருக்குத் தெரியாது. 1910இல் கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார்.

ஒரு பேராலயத்தில் மாலை வழிபாட்டுக்குப் பாடகர் குழு எப்படி நிற்கிறது என்பதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் இரண்டு பிரிவுதான். ஆனால் நேருக்கு நேர், முகம் பார்த்து. திருப்பாடலின் ஒரு வசனத்தை இந்தப் பக்கம் பாடும். அடுத்ததை அந்தப் பக்கம் பாடும். இவர்கள் பாடும்போது அவர்கள் கேட்பார்கள். எதிர்ப் பக்கம் எந்தச் சுருதியில் விட்டதோ அதே சுருதியில் இவர்கள் எடுக்க வேண்டும், அவசரப்பட்டால் கெட்டுவிடும். மனிதரை இரண்டு பக்கமாக உட்காரவைப்பதில் இரண்டு வழி உண்டு என்று வடக்கன்குளமும் கான்டர்பரியும் நமக்குக் காட்டுகின்றன. இன்றைக்கும் தனிக் கல்லறை, தனித் தேர் என்று பேசுகிற ஊர்கள் நம் தமிழ்த் திருச்சபையில் இருக்கின்றன. ஆகையால் இதைக் கட்டடக்கலைச் செய்தியாகக் கேட்டுவிட்டு விட முடியாது.

நம் பங்குப் பாடகர் குழுப் பிள்ளைகளோடு ஒரு சனிக்கிழமை இரவு இப்படிப்பட்ட மாலை வழிபாடு ஒன்றின் ஒலிப்பதிவைக் கேட்டோம். முதல் பத்து நிமிடம் அவர்களுக்குப் பொறுமை இல்லை. தாளம் இல்லையே என்றார்கள். பிறகு மெல்ல அமைதியானார்கள். திருப்பாடலின் ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவில் அந்தக் குழு நிறுத்துகிறது. கூரை உயரமானது, பாடிய ஒலி மேலே போய் அடங்கும் வரையில் காத்திருந்துதான் பாக்கிப் பாதியை எடுக்கிறார்கள். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் மூச்சு வாங்குகிறார்கள். வார்த்தையின் கடைசி மெய்யெழுத்து ஒரே நொடியில் விழுகிறது. சிறுவர் குரல் மேலே மிதக்க, ஆண் குரல் அடியில் தரைபோலக் கிடக்கிறது. யாரும் தனியாகக் கேட்கவில்லை. முடிந்ததும் கைதட்டல் இல்லை. எல்லாம் அடங்கின பிறகு காலடிச் சத்தம் மட்டும்.

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் கேட்டாள்: “சாமி, சனங்க எப்பப் பாடுவாங்க?”

சரியான கேள்வி. குருமடத்தில் நாலு ஆண்டு இறையியல் படித்தவர்களும் அங்கேதான் தடுக்கி நிற்பார்கள். பேராலய மாலை வழிபாட்டில் மக்கள் பெரும்பாலும் உட்கார்ந்து கேட்கிறார்கள். ஓரிரு பாட்டுக்கு மட்டும் சேர்ந்துகொள்கிறார்கள். அப்படியானால் அது கச்சேரியா? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று திருவழிபாட்டு ஏட்டில் மக்களின் முழுமையான, உணர்வுள்ள, செயலூக்கமுள்ள பங்கேற்பை வலியுறுத்தியது உண்மை. ஆனால் 1967இல் வந்த திருவழிபாட்டு இசை பற்றிய ஏடு, பாடகர் குழு பாடுவதைக் கேட்டு உள்ளத்தால் ஒன்றித்து மனத்தை இறைவனிடம் உயர்த்துவதும் பங்கேற்புதான், அதையும் மக்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்கிறது. திருச்சுழி திருமேனிநாதர் கோயிலில் சாயரட்சை வேளையில் ஓதுவார் சுந்தரர் பதிகத்தை எடுத்தால், கைகூப்பி நிற்கிற இந்துச் சகோதரர் வாய் திறப்பதில்லை. அவர் வழிபடவில்லை என்று நாம் சொல்வோமா? களைத்துப் போனவனுக்காக இன்னொருவன் பாடுவதும் அன்புதான். நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவருக்கு, அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து நல்ல குரலில் இறைவார்த்தையைக் கேட்கக் கிடைத்தால் அது பெரிய கொடை.

ஆனாலும் அந்தப் பெண்ணின் கேள்வியை இதோடு ஒதுக்கிவிடக் கூடாது. நம் ஞாயிறு திருப்பலிகளில் நிலைமை என்ன? ஒலிபெருக்கியை ஏற்றி வைத்துக்கொண்டு, கீபோர்டில் தாளத்தை ஓடவிட்டு, வாரம் ஒரு புதுப் பாட்டைக் குழுவே பாடி முடித்துவிடுகிறது. மக்களும் பாடுவதில்லை, கேட்கும்படியான அமைதியும் இல்லை. கான்டர்பரிப் பிள்ளைகள் தினமும் பயிற்சி செய்து மக்களுக்காகப் பாடுகிறார்கள். நாம் சனிக்கிழமை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு மக்களுக்குப் பதிலாகப் பாடுகிறோம். இந்த வித்தியாசத்தைப் பாடகர் குழுவினர் கோபித்துக்கொள்ளாமல் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே 1963 ஏட்டின் 100ஆம் எண்ணை நம்மில் பலர் படித்ததே இல்லை. ஞாயிறுகளிலும் பெருவிழாக்களிலும் முக்கிய நேரச் செபங்களை, குறிப்பாக மாலைப் புகழை, கோயிலில் மக்களோடு சேர்ந்து கொண்டாடும்படி ஆன்மாக்களின் மேய்ப்பர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. 1970இல் ஆறாம் பவுல் புதுப்பித்த நேரச் செபத்தை வெளியிட்டார். தமிழில் அது ‘திருப்புகழ்மாலை’ என்ற அழகான பெயரோடு வந்தது. இன்று அது குருக்களின் மேசையிலும் கன்னியர் மடங்களிலும் இருக்கிறது. கோயில் பெஞ்சுக்கு இன்னும் வரவில்லை. சங்கம் கதவைத் திறந்து அறுபது ஆண்டு தாண்டியும் மேய்ப்பர்களாகிய நாங்கள் உங்களை உள்ளே அழைக்கவில்லை. ஆங்கிலிக்கன் சபையார் ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டாக அந்தக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அவர்கள் பேதுரு பெருங்கோயிலுக்கு வந்து பாடியபோது நமக்கு மகிழ்ச்சியோடு கொஞ்சம் கூச்சமும் வருகிறது.

தமிழில் எப்படிப் பாடுவது என்பது நியாயமான கேள்வி. ஆங்கில மெட்டை அப்படியே தூக்கிவந்தால் உதவாது. நம் மொழியில் குறில் நெடிலானால் பொருளே மாறிவிடும். கல் காலாகிவிடும், வலி வாலியாகிவிடும். அந்நிய மெட்டுக்கு வார்த்தையை இழுத்துக் கட்டின பாட்டுகளில் இந்த விபத்து எத்தனை முறை நடந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதற்காக ஒவ்வொரு திருப்பாடலையும் பல்லவி, சரணம் என்று கீர்த்தனையாக்கவும் வேண்டியதில்லை. திருப்பாடலின் வரி இரண்டு பாதியாக நடப்பது. முதல் பாதி சொன்னதை மறு பாதி வேறு சொல்லால் சொல்லும். ஒரே சுரத்தில் சொற்களைப் பேச்சின் அளவிலேயே சொல்லிக்கொண்டு போய், ஒவ்வொரு பாதியின் முடிவிலும் இரண்டு மூன்று சுரம் இறக்கினால் போதும். நடுவில் ஒரு மூச்சு நிறுத்தம். செபமாலையைப் பக்கம் பக்கமாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இது பத்து நிமிடத்தில் வந்துவிடும். நம் பாட்டிமார் ஏற்கெனவே பாதி பாடித்தான் செபம் சொல்கிறார்கள்.

அவசரமும் இருக்கிறது. நம் கிளைக் கிராமங்கள் சிலவற்றில் அந்தி மணி அடிக்க ஆள் இல்லை. இளையவர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். இருக்கிற முதியவர்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் தனித்தனியே உட்கார்ந்திருக்கிறார்கள். சிவன் கோயில் மணி கேட்கிறது, பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு கேட்கிறது. நம் சிற்றாலயம் மட்டும் ஞாயிறு வரையில் பூட்டிக் கிடக்கிறது. தாது வருடப் பஞ்சத்தைத் தாண்டி வந்த செபம் நம் காலத்தில் நிற்க வேண்டுமா?

ஆகவே வருகிற திருவருகைக்கால முதல் ஞாயிறு மாலை 6 மணிக்கு நம் பங்குக் கோயிலில் மாலைப் புகழைப் பாடத் தொடங்குகிறோம். அன்றைக்கு உரியவை முதல் வாரத்துத் திருப்பாடல்கள் 110, 114, திருவெளிப்பாடு 19ஆம் அதிகாரத்துப் பாடல், பிறகு மரியாவின் பாடல். பெஞ்சுகளை நடுவழியைப் பார்த்துத் திருப்பிப் போடுவோம். யார் எந்தப் பக்கம் என்பது வந்த வரிசைப்படிதான். குடும்பம், தெரு, ஆண், பெண் என்று பிரிக்கப் போவதில்லை. கீபோர்டு இருக்காது, சுருதிப் பெட்டி மட்டும். மரியாவின் பாடலைப் பாடகர் குழு பாடும், மற்றவர்கள் கேட்போம். திருப்பாடல்களை எல்லாரும் பாடுவோம். கிளைக் கிராமத்துக் கோயில்பிள்ளைகள் அரை மணி முன்னதாக வந்தால் சுரத்தைச் சொல்லித் தருகிறோம். அக்கம்பக்கத்துச் சி.எஸ்.ஐ. சபையாரையும் அழைத்திருக்கிறோம்; அவர்கள் ஒரு கீர்த்தனை பாடச் சம்மதித்திருக்கிறார்கள். 40 நிமிடத்தில் முடிந்துவிடும். விசைத்தறியில் இரவு முறைக்குப் போகிறவர்கள் நேரத்துக்குப் புறப்படலாம். மின்வெட்டு இருந்தால் அவரவர் ஒரு விளக்கு கொண்டுவாருங்கள்.